சுவருக்குப் பின்னால் எறும்புகள்

பிள்ளைகளா, காசநோய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இப்போது ஒரு மெஷின் இருக்கிறது. சளியை அதற்குள் வைத்துவிட்டு ஒரு டீ குடித்து நாலு போன் பேசி முடிப்பதற்குள், கிருமி இருக்கிறதா, மருந்துக்கு அடங்குமா என்று அது சொல்லிவிடுகிறது. போன மாதம் உங்கள் ஆபீசுக்கு வந்து அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்று அப்போது நீங்கள் கேட்டீர்கள், நான் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் காசநோய்ப் பிரிவில்தான் என் காலம் முழுக்கப் போனது. நோயாளிகளை என் கண் முன்னால் மாத்திரை விழுங்க வைப்பது என் வேலை. என் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் நான் டி.பி. அக்கா. நான் போய் நின்ற வீட்டுக்கு மறுநாள் பெண் பார்க்க யாரும் வரமாட்டார்கள். அதனால் மொபெட்டை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவேன். சின்னாளப்பட்டியில் சுங்கிடிச் சேலை பார்க்க வந்தவளாக நடித்து, சேலை மடிப்புக்குள் மாத்திரையை வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கண் முன்னால் விழுங்க வேண்டும் என்ற திட்டம் எங்கள் மாவட்டத்துக்கு வந்த புதிது அது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து. ஒரு கை நிறைய மாத்திரை. விழுங்கினால் குமட்டும். அதனால் கன்னத்தில் ஒதுக்குகிறவர்கள், நாக்குக்கு அடியில் வைக்கிறவர்கள், கைக்குட்டையில் துப்புகிறவர்கள் என்று தினுசு தினுசாக ஏமாற்றுவார்கள். நான் அத்தனை பேரையும் பிடிப்பேன். “அக்கா கண்ணுல மண்ணைத் தூவ முடியாது” என்று கூட்டத்தில் டாக்டரே சொன்னார். அதைக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நன்றாகவே ஏறியது.

காதர் அந்தச் சமயத்தில்தான் வந்தார். முப்பத்து நாலு வயது. பேகம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை. எங்கள் மருந்தகம் அந்த ஷாப்புக்குப் பக்கத்துக் கட்டடம். நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு வந்து மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். தோல் ஷாப் நாற்றம் உங்களுக்குத் தெரியும், மூக்கில் ஏறினால் ரெண்டு நாள் இறங்காது. ஆனால் காதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அந்த நாற்றத்துக்கு நடுவில் கனிந்த கொய்யா வாசம் அடிக்கும். ஆயக்குடிச் சந்தையில் சாயங்காலம் மிச்சமாகிக் கிடக்கும் பழத்தின் வாசம். “கொய்யாப்பழம் தின்னுட்டு வந்தீங்களா பாய்?” என்று கேட்டேன். “இல்லையேக்கா” என்றார். நான் அதோடு விட்டுவிட்டேன்.

ரெண்டு மாதம் முடிந்து சளி பார்த்தோம். எங்கள் லேப் டெக்னீசியன் சின்னாளப்பட்டிக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் நீளம். கண்ணாடிச் சில்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “அக்கா, வந்தன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒண்ணுகூடக் குறையல” என்றான். இன்னும் ஒரு மாதம் மருந்தை நீட்டினோம். மறுபடியும் அதே கணக்கு. வழக்கமாகக் கூடும், இல்லை குறையும். இப்படி அசையாமல் நிற்பதை நான் பார்த்ததில்லை. “நம்ம மருந்து வந்து போறது அதுகளுக்குத் தெரியவே இல்ல போலக்கா” என்று விளையாட்டாகச் சொன்னான்.

காதரின் மனைவி நூர்ஜஹானைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலெல்லாம் சாத்தி, நடுப்பகலில் விளக்குப் போட்டிருந்தாள். மகளைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். நான் உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, இவுகளுக்கு இது வெறும் டி.பி. இல்லக்கா. உள்ள ஏதோ உக்காந்து திங்குது. ஒரு ஆள் சோறா திங்கிறாக? ரெண்டு ஆள் சோறு, வெஞ்சனம் பத்தலைன்னு கேட்டு வாங்கித் திங்கிறாக. சட்டை மட்டும் நாளுக்கு நாள் தொளதொளங்குது. தின்னதெல்லாம் எங்கக்கா போகுது?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“இன்னொண்ணு சொல்றேன், நம்ப மாட்டீக. இவுக உக்காந்த எடத்துக்கு எறும்பு வருது. கழட்டிப் போட்ட கைலியில, செருப்புல, பாத்ரூம் வாசல்ல. வேற யாரு மேலயும் வரல, இவுகளத் தேடித்தான் வருது. குடம் குடமாத் தண்ணி குடிக்கிறாக, தாகம் அடங்கல. தர்காவுல ஓதி தாயத்து கட்டினோம். யாரோ செய்வினை செஞ்சு ஜின்ன ஏவி விட்டிருக்காகன்னு சொல்றாக.”

பேசிக்கொண்டே காதரின் தலையணையைத் தூக்கிக் காட்டினாள். சின்னச் சிவப்பு எறும்புகள், ஒரே சீராக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. மாதாவே என்று சொல்லிக்கொண்டேன். உடனே என் மேலேயே எரிச்சல் வந்தது. படித்தவள், அரசாங்க வேலையில் இருப்பவள், ஜின் கதைக்குப் பயப்படலாமா? “செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாத்திரையை ஒழுங்கா முழுங்கச் சொல்லு” என்று அதட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

பிள்ளைகளா, இந்த இடத்தில் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். பசி, தாகம், மெலிவு, எறும்பு, பழ வாசம். எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்று எங்கள் தெருவில் பூ விற்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். சர்க்கரை என்றால் தொப்பை வைத்த ஐம்பது வயது ஆள் என்று என் மண்டையில் பதிந்திருந்தது. காசநோயாளிக்குச் சர்க்கரை பார் என்று அன்றைக்கு எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம், அவள் எல்லாவற்றையும் ஜின்னோடு சேர்த்துச் சொன்னாள். நான் ஜின்னைத் தூக்கிப் போடும்போது அவள் சொன்ன அத்தனையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டேன். எவ்வளவு விபரீதமாகப் பேசினாலும் வீட்டில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் வைக்கிற பெயர்தான் வேறாக இருக்கும்.

மறுநாளிலிருந்து நான் காதரைக் கவனித்தேன். மாத்திரையை விழுங்குவார், ஒரு சொம்புத் தண்ணீரைக் காலி செய்வார், வாயைத் திறந்து காட்டுவார், உடனே எழுந்து சுவருக்குப் பின்னால் போவார். தவறாமல் ஒவ்வொரு தடவையும் அப்படிப் போனார். எதற்கு என்று தோன்றியது. ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்கு நான் அந்தச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மண்ணில் செம்மஞ்சளாக ஈரம். அதைச் சுற்றி எறும்புகள், நடுவில் மண்ணே தெரியாத அளவுக்கு. எங்கள் சிவப்பு மாத்திரை கரைந்தால் அந்த நிறம்தான் வரும். மாத்திரைக்கு மேலே இனிப்புப் பூச்சு இருக்கும், அதற்கு எறும்பு வரும். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காலை ஏழு மணிக்குத் துப்பியது திண்டுக்கல் வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்கு ஈரமாக இருக்குமா? அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. நாம் தேடிப் போனது கண்ணில் பட்டுவிட்டால் அதற்கு மேல் எதையும் பார்க்க மாட்டோம்.

புதன்கிழமை அத்தனை நோயாளிகள் முன்னாலும் கத்தினேன். “அரசாங்கம் குடுக்கிற மருந்தச் செவுத்துக்குப் பின்னாடி துப்புறீங்களே, வெக்கமா இல்ல?” காதர் திகைத்துப் போய் நின்றார். “அல்லா சத்தியமா முழுங்கினேன்க்கா. ஒண்ணுக்குப் போகத்தான் அங்க போனேன்” என்றார். எல்லோரும் சத்தியம்தான் செய்வார்கள். அவருடைய சிகிச்சைக் கார்டை எடுத்து, சிவப்பு மையில், ‘மருந்தைத் துப்புகிறார்’ என்று எழுதினேன். அதோடு நின்றேனா? சாயங்காலம் வீட்டுக்குப் போய் நூர்ஜஹானிடமும் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “எம் மவளுக்கு ஒட்டிக்கிருமேன்னு கண்ணுக்குள்ள வச்சிருந்த புள்ளைய அனுப்பிட்டு நாயாக் கெடக்கேன். இவுக துப்புறாகளா?” என்றாள். அன்றிலிருந்து அவருக்கு வாசலில் தனித் தட்டு.

கார்டில் எழுதிய அந்த ரெண்டு வார்த்தைகள் என்ன செய்தன தெரியுமா? மருந்துக்கு அடங்காத கிருமியா என்று பார்க்கச் சளியைச் சென்னைக்கு அனுப்பி வளர்க்க வேண்டும். எங்களால் ஏதோ ஒன்றிரண்டு பேருடையதைத்தான் அனுப்ப முடியும். அந்தப் பட்டியலில் காதர் பெயர் இருந்தது. டாக்டர் கார்டைப் பார்த்தார். “துப்புறவனுக்கு எதுக்குக் கல்ச்சர்? முதல்ல முழுங்கட்டும்” என்று பெயரை அடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் கண்ணை நம்பித்தான் அடித்தார்.

அஞ்சு வாரம் போனது. காதர் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. விழுங்கிவிட்டு நான் கேட்காமலே வாயை ஆவென்று திறந்தபடி என் முன்னால் நிற்பார். போதும் என்று சொன்னாலும் மூட மாட்டார். அந்தத் திறந்த வாய்க்குள்ளிருந்து கொய்யா வாசம் வரும். கண் ரெண்டும் குழிக்குள் போய்விட்டன. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. பயந்ததாலேயே இன்னும் கடுமையாகப் பேசினேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு நேரே போய்விடலாம் என்று, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அன்று காலைதான் அவருடைய சளி முடிவு மறுபடி என் கைக்கு வந்திருந்தது. அதே கணக்கு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னைக்கு நான் சொல்ற வரைக்கும் இந்தப் பெஞ்ச விட்டு எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா இனிமே மாத்திரை கிடையாது” என்றேன். விழுங்கினார், உட்கார்ந்தார். அப்புறம் புது நோயாளிகள் வந்தார்கள், ரிஜிஸ்டர் வந்தது, நான் அவரை மறந்துவிட்டேன். மறந்தே போனேன், பிள்ளைகளா.

நடுவில் ரெண்டு தடவை தண்ணீர் கேட்டாராம், ஆயா கொடுத்தாளாம். எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். “அக்கா” என்று ஒரு குரல். நிமிர்ந்தேன். பெஞ்சின் ஓரத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பாங்கு சொல்லிட்டாகக்கா, செத்த நேரம் விடுங்கக்கா” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்குக் கட்டுப்பாடு போய்விட்டது.

வெள்ளை வேட்டி தொடையிலிருந்து கீழ் வரைக்கும் செம்மஞ்சளாக நனைந்தது. பெஞ்சிலிருந்து தரைக்குச் சொட்டியது. அங்கே இருந்த இருபது பேரும் அந்த நிறத்தையே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுவர் வெடிப்பிலிருந்து எறும்புகள் வந்தன. யாரும் கூப்பிடாமல், ஒரே வரிசையாக, அவருடைய காலை நோக்கி வந்தன. காதர் காலைத் தூக்கக்கூட இல்லை. “இந்த வேட்டியோட இனி பள்ளிக்குப் போக முடியாதுக்கா” என்று மட்டும் சொல்லி அழுதார்.

விழுங்கிய மருந்து ரத்தத்தில் கலந்து, ரெண்டு மூன்று மணி நேரம் கழித்து சிறுநீரை அந்த நிறமாக்கும். இதை நான் எத்தனை நோயாளிகளிடம் பயப்படாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருப்பேன்! சுவருக்குப் பின்னால் நான் பார்த்தது துப்பிய மருந்து இல்லை, ஷாப்பிலிருந்து மத்தியானம் மறுபடி வந்து அவர் போன சிறுநீர். அவர் ஒழுங்காக விழுங்கினார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை, அவருக்கு எதிராக நான் எழுதி வைத்திருக்கிறேன்.

டெக்னீசியன்தான் முதலில் அசைந்தான். அவரை உள்ளே கூட்டிப்போய் மாற்றுக் கைலி கொடுத்தான். ஒரு குழாயில் சிறுநீர் வாங்கி, நீல மருந்தில் விட்டுச் சூடு காட்டினான். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நான் பார்க்கப் பார்க்கச் செங்கல் நிறத்துக்குப் போய் அடியில் படிந்தது. வாய் நீளமான அந்தப் பையன் அன்று ஒரு கேலியும் பேசவில்லை. “சக்கரைக்கா. இம்புட்டு நான் பாத்ததே இல்ல” என்றான். “இந்த ஒடம்புல மாத்திரை எங்க புடிக்கும்?”

அன்றே டாக்டரிடம் ஓடினேன். என் தப்பைச் சொன்னேன். கார்டில் அந்த வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்சுலின் ஆரம்பித்தோம், சளி சென்னைக்குப் போனது. மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. முக்கியமான ரெண்டு மருந்துக்கும் அடங்காத கிருமி. முதலிலேயே அப்படி இருந்ததா, சர்க்கரை உடம்பில் மருந்து சரியாக ஏறாமல், செத்தும் சாகாமலும் கிடந்து பழகிக்கொண்டதா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எப்படி இருந்தாலும் அந்த அஞ்சு வாரம் என் கணக்கில்தான். அடுத்த கட்ட மருந்து அப்போது எங்கள் மாவட்டத்தில் இல்லை. சென்னைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் அங்கே கிடந்தார்.

திரும்பி வந்தபோது சர்க்கரை அடங்கியிருந்தது, சளியில் கிருமி இல்லை. நான் மெழுகுவத்தி ஏற்றினேன். நாலே மாதம். டெக்னீசியன் கூப்பிட்டுக் காட்டினான். நீலப் பின்னணியில் மங்கலாக, நிழல் மாதிரி ரெண்டு மூன்று கோடுகள். “இதுக எங்கயும் போகலக்கா. தூங்கிட்டு இருந்திருக்கு” என்றான். பல வருஷம் கழித்து மதுரையில் ஒரு வகுப்பில் இதற்கு விளக்கம் கேட்டேன். கிருமியின் மரபணு எழுத்து அப்படியே இருக்குமாம். எந்த வரியைப் படிப்பது, எதை மூடி வைப்பது என்ற அடையாளங்கள் மாறினாலே அது தூங்கப் போய்விடுமாம். நம் உடம்பின் காவல் அணுக்களிலும் அப்படி அடையாளங்கள் உண்டாம். சர்க்கரை இறங்கின பிறகும், அது ஏறியிருந்த காலத்து அடையாளம் கொஞ்ச நாள் அழியாமல் இருந்து அவற்றைக் குழப்புமாம். இன்னும் முழுசாகத் தெளியாத விஷயம் என்றும் அந்த டாக்டர் சொன்னார். நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டே வருகிறீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து காதரின் வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு வருஷம் போராடி காதர் போய்ச் சேர்ந்தார். தகவல் கேட்டதும் போனேன். அன்று வண்டியை அவர்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி, முகம் பார்ப்பதற்காக நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். நூர்ஜஹான் அழவில்லை. பெண்கள் கூட்டத்தில் ஒதுங்கி, கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன்.

“எனக்கு அழுக வரலக்கா” என்றாள். “தன்னால கெட்டாக. நீங்க குடுத்த மருந்தத் துப்பித் துப்பி, மருந்துக்கு அடங்காமப் பண்ணிக்கிட்டாக. சாவுற வரைக்கும் துப்பலேன்னே சாதிச்சாக. நானும் கடைசி வரைக்கும் அந்தத் தட்ட மாத்தல.”

டாக்டரிடம் சொன்னேன். கார்டில் அடித்தேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டேன். அவளுக்கு இன்சுலின் போடக் கற்றுக் கொடுத்தேன், சாப்பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். உன் புருஷன் துப்பவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்ற ஒரு வார்த்தையை அவளிடம் நான் சொல்லவே இல்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் கிருமி அடங்காது என்று எங்கள் மருந்தகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். சென்னை முடிவு வந்த அன்று அவள் அதைப் படித்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு என் வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். ஒண்ணுக்குப் போனது, நிறம், சர்க்கரை, அந்த வெள்ளிக்கிழமை. அவர் ஒரு மாத்திரைகூடத் துப்பவில்லை என்று சொன்னேன். அவள் என்னை அடித்திருக்கலாம். என் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். காதரின் தலைமாட்டில் போய் மண்டியிட்டு, முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவர் காதோரம் குனிந்தாள்.

“இந்தாங்க, கேக்குதா?” என்றாள். “அக்கா இப்பத்தான் சொன்னாக. நீங்க துப்பலையாம்.”